முட்டை லாரிக்காரரின் மறுப்புப் பயிற்சி

அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்பதை நாங்கள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டோம். கேட்டால் கொடுத்துவிடுவார். சோப்பு கேட்டால் சோப்பு, துண்டு கேட்டால் துண்டு, குளியலறை வரிசையில் தமக்கு முன்னால் இடம் கேட்டால் அந்த இடம். காலை ஆறு மணிக்கு வாளியும் கையுமாக வரிசையின் தலையில் நிற்பவர், வந்தவர்க்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு, பதினொரு மணி வெயிலில் கடைசி ஆளாகக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்புவார். "ஏனுங்க, இன்னைக்கும் கடேசிதானா?" என்று கேட்டால், "அவுங்களுக்கெல்லாம் அவசரமுங்க சாமி" என்பார். குடியை விடுவதற்காக நாற்பது நாள் ஒரே கூரையின்கீழ் அடைபட்டுக் கிடந்த ஆண்களுக்குக் காலை ஏழு மணிக்கு என்ன அவசரம் இருந்திருக்க முடியும் என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. உள்ளே கேட்டதும் கண்டதும் பெயரோடு வெளியே போகக் கூடாது என்பது அங்கிருந்த நாங்கள் அனைவரும் ஒருவர்க்கொருவர் அளித்த வாக்கு. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் லாரிக்கு ஓட்டுநர் என்பதை மட்டும் சொல்லலாம். அந்த ஊரில் அது ஒருவரை அடையாளம் காட்டிவிடும் செய்தி அன்று. நாற்பதைக் கடந்த வயது, வாட்டசாட்டமான உடல், அந்த உடலுக்குச் சற்றும் பொருந்தாத மெல்லிய குரல். மரியாதை அவருக்கு மூச்சோடு வந்தது. லாரிச் சக்கரத்தின் அடியில் படுத்திருக்கும் நாயைக்கூட, "எந்திரிங்க சாமி, வண்டி எடுக்கோணும்" என்றுதான் எழுப்புவாராம்.

இல்லம் ராசிபுரத்துக்கு வெளியே சோளக்காடுகளுக்கு நடுவே இருந்தது. முன்பு அது கோழிப்பண்ணை. நீண்ட கொட்டகையில் கம்பிவலை இருந்த இடத்தில் செங்கற்சுவர் எழுப்பி, கட்டில்களை வரிசையாகப் போட்டு, வாசலில் 'ஆண்களுக்கு மட்டும்' என்று எழுதிவைத்திருந்தார்கள். மழை பெய்தால் பழைய குடியினரின் வாசனை தரையிலிருந்து எழும். சமையலும் துப்புரவும் எங்கள் முறை. தம் வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரைத் தாமே எடுத்துக் குடித்தறியாத இருபத்தாறு ஆண்கள் அங்கே சட்னி அரைத்தோம், வெங்காயம் உரித்தோம், வடையில் ஓட்டை போடத் தெரியாமல் விழித்தோம். முதல் வாரத்து நடுக்கமும் வியர்வையும், மருத்துவர் தந்த மாத்திரைகளும் கடந்தபின், எங்களைக் காரணமற்ற ஒரு களிப்பு பற்றிக்கொண்டது. தலை தெளிந்திருந்தது, வீட்டார் பார்வை இல்லாததால் எவர்க்கும் பெருமை காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் பள்ளியில் இருபது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். அந்த இருபது ஆண்டுகளில் சிரித்ததைவிட அந்த நாற்பது நாள்களில் அதிகம் சிரித்தேன். அன்றன்று சமைப்பவர் பெயரை எழுதிய பலகையில் வாரத்தின் ஏழு நாள்களிலும் அவருடைய பெயரே இருந்ததைக் கண்டபோது தொடங்கிய சிரிப்பு அது. ஆறு பேர் அவரிடம் தனித்தனியே வந்து, "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று கேட்டிருந்தார்கள்.

அவர் அங்கே சேர்ந்ததே அப்படித்தான். சிகிச்சைக்கென்று வந்தவர் அவரல்லர், அவருடைய மைத்துனன். மல்லசமுத்திரத்துப் பக்கம் டிராக்டர் பழுதுபார்க்கும் அந்த இளைஞனை வீட்டார் ஒருவழியாக இணங்கச் செய்து, துணைக்கு இவரை அனுப்பியிருந்தார்கள். ஆலோசகர் ஆத்தூர்க்காரர், ஒல்லியான மனிதர். அவரை நாங்கள் அனைவரும் 'சார்' என்போம். விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர் கேட்டாராம்:

"எத்தனை வருஷமா குடிக்கிறாரு?"

"எட்டு வருசமுங்க சார்."

"கூட யாரு இருப்பாங்க?"

"அக்கா, அக்கா ஊட்டுக்காரன் நானு, ஒரு புள்ள…"

"வீட்டுல கேக்கலை. குடிக்கும்போது கூட யாரு இருப்பாங்க?"

"அதும் நானுங்க."

ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டு அவருடைய கையைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பற்றியிருந்த அந்தக் கை நடுங்கியதில், மேசைமேலிருந்த குவளைத் தண்ணீர் வட்டவட்டமாக அலை எழுப்பிக்கொண்டிருந்தது.

"அப்போ நீங்களும் தங்கிடறீங்களா?"

"சரிங்க."

மாற்றுடை இல்லாமல் வந்தவர். மைத்துனனின் பையிலிருந்த சட்டைகளையே இருவரும் உடுத்தினார்கள். அவருக்கு ஒரு பொத்தானும் பொருந்தவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் மைத்துனன் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். சுவரோ ஆள் உயரத்துக்கு மேல். எப்படி ஏறினான் என்று ஆலோசகர் எங்களை வரிசையில் நிறுத்திக் கேட்டபோது, இவர் தாமாகவே முன்வந்து சொன்னார்:

"சித்தெ தோளு குடுங்க மச்சான்னானுங்க. குடுத்தேனுங்க."

"நீங்க ஏன் அவன்கூட ஓடலை?"

"என்னையக் கூப்புடலீங்க சார்."

ஆலோசகர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கியதை நாங்கள் பார்த்தோம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி வந்தார். வருகையாளர்களுக்கென்று வாயிலருகே தகரக் கூரையின்கீழ் விசுப்பலகைகள் இருந்தன. அன்று தேநீர் கொடுப்பது என் முறையாதலால் நான் அருகிலேயே நின்றேன். எட்டு வயது மகளும் உடன் வந்திருந்தாள். ஆனால் அவள் எதிர்ப்பலகையில் போய்த் தனியே அமர்ந்துகொண்டாள். மனைவி நெசவாலையில் வேலை செய்பவர். சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய உரத்த, தெளிவான குரல்.

"எங்க கோயில்ல கெடா விருந்து ரெண்டு மாசத்துல வருது. என்ற பொறந்த ஊட்டுச் சனம் அத்தனையும் வரும். நீங்களும் வாங்க. அன்னைக்கு உங்க கையில கிளாசு இல்லீன்னா, நானும் புள்ளையும் உங்க கூடவே நம்ம ஊட்டுக்கு வாரோம். இருந்துச்சுன்னா எங்கம்மா ஊட்லயே இருந்துக்கறோம். நான் சண்டை போட மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாத்துக்கிட்டு மட்டும் நிப்பேன்."

"சரிங்க அம்மிணி."

"எல்லாத்துக்கும் சரிங்கறதுதானுங்க உங்க சீக்கே."

"ஆமாங்க."

மனைவி தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். மகள் திரும்பிப் பார்க்காமல் வாயிலைக் கடந்து போனாள்.

அன்று மாலை நாங்கள் வட்டமாக அமர்ந்து பேசும் வேளையில்தான் அவர் முந்தைய ஆண்டின் விருந்தைப் பற்றிச் சொன்னார். அவர் சிரிக்காமல் பேசியது அந்த ஒரு முறைதான். கோயிலின் பின்புறம் ஆண்கள் கூடுமிடத்தில் பதினோரு உறவினர்கள் அவருக்குக் கோப்பையை நீட்டியிருந்தார்கள். பதினொன்றையும் வாங்கிக் குடித்திருந்தார்.

"ஆசைப்பட்டு இல்லீங்க. அத்தனையும் ஒறம்பரை. ஒருத்தர் கையில வாங்கிப்போட்டு இன்னொருத்தர் கையில வாங்கலீன்னா, அவுங்க வெசனப்படுவாங்களேங்க."

பிறகு மகளை மொபெட்டின் முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினார். வாய்க்கால் பாலத்தின் திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை. மகளின் இடக்கை ஒடிந்தது. எலும்பு கூடியபிறகும் முழங்கைக்குக் கீழே ஒரு வளைவு நின்றுவிட்டது.

"அன்னையிலிருந்து என்ற புள்ள என்ற வண்டியில ஏறாதுங்க. ஏறு கண்ணுன்னா, மாட்டேன்னு பட்டுனு சொல்லிப்போடும்." பிறகு, "அது எங்கிட்டக் கத்துக்கலீங்க" என்றார்.

மறுநாளே ஆலோசகர் அவருடைய பயிற்சியைத் தீவிரமாக்கினார். அந்த இல்லத்தில் எல்லாரும் பழக வேண்டிய பாடம் ஒன்று இருந்தது; மறுப்புப் பயிற்சி என்று அதற்குப் பெயர். நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவர் கோப்பையில் மோரை ஊற்றிக்கொண்டு மாமனாகவோ, மைத்துனனாகவோ, லாரி முதலாளியாகவோ நடித்து எதிரே நிற்பவரிடம் நீட்டுவார். எதிரே நிற்பவர் மறுக்க வேண்டும்.

"பெண்களுக்கு வேற ஊர்ல இதே மாதிரி இல்லம் இருக்கு, அங்க பாடமே வேற" என்று ஆலோசகர் விளக்குவார். "பாவம், அவங்க ஒளிச்சு வெச்சுக் குடிச்சுட்டு வர்றவங்க, அவமானத்துலேருந்து ஆரம்பிச்சு மெள்ளக் கூட்டிட்டு வரணும். நீங்க ஒளிச்சா குடிச்சீங்க? சந்தனம் குடுக்கற மாதிரி குடுத்தாங்க, பிரசாதம் வாங்கற மாதிரி வாங்குனீங்க. ஆம்பளைக்கு ஆம்பளை பண்ற மரியாதைன்னு பேரு வேற. அந்த நீட்டற கைதான் உங்களுக்குப் பாடம்."

நீட்டுகிற கையாக நடிப்பதில் எங்களுள் வல்லவர் அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர். அவர் மோர்க் கோப்பையை ஏந்தி நின்றால் உண்மையான மாமனும் தோற்றுப்போவான். கண்களில் நீர் வரவழைத்துக்கொள்வார்.

"மாப்பிள்ளே, ஒரே ஒரு மடக்கு."

"ஐயோ, வேண்டா…" என்று இவர் தொடங்குவார். அந்தச் சொல் பாதியில் நின்றுவிடும்.

"ஏம்ப்பா, நம்ம வீட்டு விசேஷத்துல நீயே இப்படிச் சொன்னா ஊரு என்ன நெனைக்கும்? நான் என்ன அந்நியனா? சொல்லு, நான் அந்நியனா?"

"சேச்சே, அதும் நாயந்தானுங்க."

மோர் தீர்ந்துவிடும். கொட்டகை அதிரும். "தாகமா இருந்துச்சா?" என்று ஆலோசகர் கேட்பார். "இல்லீங்க சார். பாவம், அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க" என்பார். இப்படியாக நாள்தோறும் ஐந்தாறு கோப்பை மோர் அருந்தியதில் மைத்துனனின் சட்டைகள் அவருக்கு இன்னும் சிறுத்துப்போயின.

எங்களுள் சிலர் குறுக்கு வழிகளைச் சொல்லிக் கொடுத்தோம். ஈரல் கெட்டுவிட்டதென்று சொல்லச் சொன்னார் ஒருவர். மலைக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னால் எவரும் வற்புறுத்த மாட்டார் என்றார் இன்னொருவர். "மாலையைக் கழட்டற அன்னைக்கு என்ன சொல்லுவாரு?" என்று கேட்டு ஆலோசகர் அந்த வழியை அடைத்தார். பொய் துணைக்கு வரக் கூடாது. ஒரே சொல்லால் மறுக்க வேண்டும் என்பது அவருடைய விதி.

இத்தனை பெரிய உடலுக்குள் அந்த ஒரு சொல்லுக்கு இடமில்லாமல் போனது எப்படி என்று நான் அவரையே கேட்டிருக்கிறேன். விடையாக ஒரு கதை சொன்னார். மைசூருக்கு முட்டை ஏற்றிப் போகும் வழியில், மேச்சேரிச் சந்தையில் ஆடு வாங்கிய பெரியவர் ஒருவர் லாரியை நிறுத்தி, மேட்டூர் வரைக்கும் இரண்டு கிடாக்களை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாராம்.

"முட்டை லாரியில் ஆடா?"

"வயசானவரு கேக்கறாருங்க வாத்தியாரே. எப்படிங்க முடியாதுங்கறது? முட்டை அடுக்குன அட்டிக்கு மேல தார்ப்பாயப் போட்டு, ஏறுங்க சாமின்னு ஏத்திவிட்டேன்."

"பிறகு?"

"முட்டை அடுக்கற அட்டை இருக்குதுங்களே, அது காயிதக் கூழுல பண்றதுங்களா… கெடாய்க்கு அது நல்ல தீனிங்களாமா. எனக்குத் தெரியாதுங்க. பாயி ஓரத்துல வாயை உட்டு அட்டையத் தின்னுக்கிட்டே வந்துருக்குதுங்க ரெண்டும். மேட்டூர்ல எறக்கிவிட்டுத் திரும்பிப் பாத்தா, வந்த ரோடெல்லாம் மஞ்சளா இருந்துச்சுங்க."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

"முதலாளி என்ன செய்தார்?"

"பாவம், நல்லவருங்க. வையவே இல்லீங்க. மனசு ஒடஞ்சுபோயிருக்கறயே, வான்னு கூட்டிக்கிட்டுப் போயி ஒரு ஆப் பாட்டலு வாங்கி ஊத்துனாருங்க. எப்படிங்க வேண்டாங்கறது?"

சிரித்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை, அந்தக் கதையில் சிரிப்பு எங்கே முடிகிறது என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

பெரிய மறுப்புக்கு முன்னால் சிறியவற்றில் பழக்கலாம் என்று தறிக்காரர் யோசனை சொன்னார். அதன்பின் அந்த மனிதருக்கு அமைதியே இல்லை. விழித்தது முதல் யாராவது ஒருவர் எதையாவது நீட்டிக்கொண்டே இருந்தோம். பழைய செய்தித்தாள் வேண்டுமா? சரிங்க. கால் பிடித்துவிடட்டுமா? சரிங்க. ஒற்றைச் செருப்பு இருக்கிறது, வேண்டுமா? சரிங்க. எந்த ஆணும் மறுத்துவிடக் கூடிய உணவென்று நாங்கள் நம்பியிருந்த எங்கள் கொட்டகை உப்புமாவை மூன்றாம் முறை நீட்டியபோதும் தட்டை ஏந்தினார். கடைசியில் ஆலோசகரே அவரை அழைத்தார். எதிர்பாராத நேரத்தில் கேட்டால் உள்ளத்திலிருந்து மறுப்பு வரும் என்பது அவர் கணக்கு.

"நாற்பதாம் நாள் முடியப்போகுது. இன்னும் பத்து நாள் இருக்கீங்களா?"

நாங்கள் இருபத்தைந்து பேரும் கதவுக்கு வெளியே நின்று, 'வேண்டாம்னு சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லுங்க' என்று வாயசைத்தோம்.

"சரிங்க சார்" என்றார்.

இப்படியாக அவர் ஐம்பது நாள் இருந்தார். வெளியேறிய அன்றுவரை அவர் வாயிலிருந்து ஒரு முழு மறுப்பும் வரவில்லை.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியேறுகிறவருக்கு, முன்பே வெளியேறிய ஒருவரைத் துணையாகக் கொடுப்பார்கள். மூன்று மாதம் அவர் இவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்பதாம் நாளே நான் வெளியேறியிருந்ததால், எனக்கு அவரும் அவருக்கு நானும் வாய்த்தோம். "விருந்துக்குக் கூடப் போங்க. பக்கத்துல நில்லுங்க. ஆனா அவருக்காக நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாது. அதை அவரேதான் சொல்லணும்" என்று ஆலோசகர் என்னிடம் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

திருச்செங்கோட்டிலிருந்து பிரியும் சாலையில் ஒரு கரட்டின் அடிவாரத்தில் அந்தக் கோயில். நடுப்பகல். பம்பை முழங்கிக்கொண்டிருந்தது, அண்டாக்களில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பந்தலின் நிழலில் பெண்கள்; கோயிலின் பின்னே புளியமரத்தடியில் ஆண்கள். இரண்டுக்கும் நடுவிலிருந்த திறந்த வெளியில், இரு பக்கமும் தெரியும்படியான ஓரிடத்தில், அவருடைய மனைவி மகளோடு நின்றார். சொன்ன சொல் மாறாமல் ஒன்றும் பேசவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். வந்ததும் வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு கையில் தண்ணீர் வாளியும் மறுகையில் குவளையுமாகப் பந்தியில் இறங்கிவிட்டார். இரு கைகளும் நிறைந்திருப்பவனிடம் எவர் கோப்பையைக் கொடுக்க முடியும்? மாமன்மார் கூப்பிட்டார்கள், வாளியை உயர்த்திக் காட்டினார். சித்தப்பன்மார் சைகை செய்தார்கள். குவளையை உயர்த்திக் காட்டினார். மூன்று பந்தி முடியும்வரை அந்தக் கோட்டை நின்றது. எனக்குப் பெருமையால் நெஞ்சு விம்மியது.

அப்போது மைத்துனன் வந்தான்.

"வாளிய இப்படிக் குடுங்க மச்சான், நான் புடிக்கறேன்."

கொடுத்துவிட்டார். குவளையையும் கேட்டான், அதையும் கொடுத்தார். அவன் இரண்டையும் தரையில் வைத்துவிட்டு, முதுகுப்புறம் மறைத்துவைத்திருந்த கோப்பையை நீட்டினான்.

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருந்தேன். சாயங்காலமானா உங்கள நெனைக்காத நாளில்ல மச்சான். என்ற அக்காளக் கட்டுன நாள்ல இருந்து ஒரு நாளாச்சும் என்ற கையத் தட்டியிருப்பீங்களா?"

"இல்லீங்க மாப்ள."

"அப்பறம் என்னுங்க? புடிங்க."

அவருடைய வலக்கை எழுந்தது. அது அவரைக் கேட்டுக்கொண்டு எழவில்லை; இருபது ஆண்டுப் பழக்கம் அதனை எழுப்பியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விரல்கள் கோப்பையைத் தொட்டன. அவர் திரும்பித் திறந்த வெளியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். மனைவி அசையாமல் நின்றிருந்தார். மகள் நிற்கவில்லை. இனி நடப்பது தனக்குத் தெரியும் என்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு பந்தலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"வேண்டாம்!"

அந்த மெல்லிய குரல்காரரின் உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே குடியிருந்ததோ அறியேன். பம்பை நின்றது. பூசாரி மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். புளியமரத்துக் காக்கைகள் கூட்டமாக எழுந்தன. எல்லாரையும்விட அதிகமாகத் திடுக்கிட்டவர் அவர்தாம். மைத்துனன் வாயைப் பிளந்து நின்றதைக் கண்டு, "முங்க" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சொல் வெளியே வந்து, உலகம் இடிந்துவிழவில்லை என்று கண்டதும் அவருக்கு என்ன நேர்ந்ததென்று சொல்வது கடினம். ஒரு பெரிய மாமன் ஓடிவந்து சமாதானமாக, "செரி உடுங்க மாப்ள. கறியாச்சும் சாப்புடுங்க" என்றார்.

"வேண்டாமுங்க!"

"ரசஞ்சோறு?"

"வேண்டாமுங்க!"

"அட, உக்காரவாச்சும் உக்காருங்க."

"வேண்டாமுங்க!" என்றார், முகமெல்லாம் ஒளி வீச.

பந்தி கலைந்தது. அவரிடம் எதையாவது நீட்டி அந்தச் சொல்லைக் கேட்பதற்கு ஒரு கூட்டம் கூடிவிட்டது. வெற்றிலை நீட்டினார்கள், விசிறி நீட்டினார்கள், ஒருவர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். குழந்தைகள் கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "மாமா, கல்லு வேணுங்களா?" "வேண்டாமுங்க சாமி!" ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உரக்க, ஒவ்வொரு முறையும் அதே வியப்பு. பம்பைக்காரர் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு மறுப்புக்கும் ஓர் அடி சேர்க்கத் தொடங்கினார். ஒரு துளியும் குடிக்காமல் அந்தக் கூட்டத்தில் அதிகம் தள்ளாடியவர் அவரே. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் சாய்ந்துவிட்டேன்.

அப்படிச் சாய்ந்திருந்தபோதுதான் கோப்பை என்னிடம் வந்தது. கேட்பாரற்றுப்போன மைத்துனன் அதை ஏந்தியபடி என் முன்னால் நின்றான்.

"வாத்தியாருங்க, நீங்களாச்சும் என்ற மானத்தக் காப்பாத்துங்க."

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வற்றியது. கோப்பை என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. அதன் மணத்தை என் உடல் முழுதும் அறிந்துகொண்டது. இருபது ஆண்டுகளாக எத்தனையோ சொற்களுக்குப் பொருள் சொன்ன என் நாக்கு, நான்கெழுத்தையும் அவற்றின் இரண்டு புள்ளியையும் தேடிக்கொண்டு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. அவன் இன்னும் ஓர் அங்குலம் நீட்டினான்.

"அவருக்கும் வேண்டாமுங்க!"

கூட்டத்தின் நடுவிலிருந்து, குழந்தைகளின் தலைகளுக்கு மேலாக, அந்தக் குரல் வந்தது. எனக்காகப் பிறர் சொல்லக் கூடாது என்னும் விதி இருந்திருக்கலாம்; அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பம்பைக்காரர் ஓர் அடி போட்டார். மைத்துனன் இரு பக்கமும் பார்த்துவிட்டு, "கோழிக் கொட்டாயில வெச்சு உங்க ரெண்டு பேரையும் என்னமோ பண்ணிப்போட்டாங்க" என்று முணுமுணுத்தபடி, கோப்பையைத் தானே குடித்துவிட்டுப் போனான். நான் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தேன்.

கூட்டம் வழி விட்டது. அவருடைய மனைவி, தம் தாய் வீட்டு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கணவருக்கு எதிரே நிறுத்தினார். மகள் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மாதமாகச் சுமந்த ஒன்றை இறக்கிவைக்கும் முகத்தோடு மனைவி கேட்டார்:

"ஏனுங்க, நம்ம ஊட்டுக்குப் போலாமுங்களா?"

"வேண்டாமுங்க!"

பம்பைக்காரரின் கை காற்றில் நின்றது. தாம் சொன்னது அவருடைய காதுக்கு எட்டச் சிறிது நேரம் பிடித்தது. எட்டியதும் அந்தப் பெரிய உடல் முழுவதும் வெளிறிப்போயிற்று.

மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டார். உள்ளே ஏதோ முட்டிக்கொண்டு வருவதை அடக்குவதுபோல் அவர் கழுத்து நரம்புகள் எழுந்தன.

"அப்பச் செரி. ஏறு கண்ணு, நாம போலாம். உங்கப்பனுக்கு வேண்டாமாமா."

மகள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

"அம்மிணி! ஐயோ, அது உங்களுக்குச் சொன்னதில்லீங்க! அது அவுங்களுக்குச் சொன்னதுங்க! வாரேனுங்க, நானும் வாரேனுங்க!"

ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, நிற்கவில்லை. விருந்து முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. வண்டியின் பின்னிருக்கையில் அந்தச் சிறுமி பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "ஓடி வாப்பா, ஓடி வா!" என்று கத்தினாள். அவருடைய மனைவியின் முதுகும் தோளும் சிரிப்பால் குலுங்கின. இரு முறை திரும்பிப் பார்த்தார். ஒரு முறையும் நிறுத்தவில்லை. அவர் ஓடிப் பிடித்துவிடக் கூடிய வேகத்திலேயே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.